கொல்லையில் கொட்டும் பூச்சி: எதை விட்டுவைக்கலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் பத்து சென்ட் கொல்லை. இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு மா, ஒரு எலுமிச்சை, மீதி இடத்தில் கத்தரி, பூசணி, பீர்க்கு என்று பருவத்துக்கு ஒன்று. வருஷா வருஷம் ஏதாவது ஒரு பூச்சி வந்து எங்கேயாவது கூடு கட்டும். முதல் இரண்டு வருஷம் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் மருந்து அடித்தேன், அந்த இரண்டு வருஷமும் பூசணி ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். இப்போது தெருவில் யார் வீட்டில் கூடு தெரிந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். பத்து வீட்டுக்குப் போனால் ஏழு வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. ஒரு வீட்டிலாவது நானும் கை வைக்கக்கூடாத கூடு இருக்கும். எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டைப் பார்த்ததும் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று பத்து நிமிஷம் பாருங்கள். போன் கேமராவில் ஜூம் செய்தால் போதும், கிட்டே போக வேண்டாம். கூடு எதனால் ஆனது: மண்ணா, சாம்பல் நிறக் காகிதமா, மெழுகா? போய்வருவது ஒரே ஒரு பூச்சியா, வரிசையாகப் பலவா? உடம்பு எப்படி: வழவழவென்று, இடுப்பு நூல் மாதிரி ஒட்டி, கால் தொங்கப் பறந்தால் குளவி. பொசுபொசுவென்று மயிரோடு, பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வந்தால் தேனீ. இந்த மூன்றும் தெரிந்தால் கீழே உங்களுக்கான தலைப்புக்குப் போய்விடலாம்.

## ஏற்கெனவே கொட்டிவிட்டது

இதை முதலில் படியுங்கள், மற்றது அப்புறம்.

முதல் வேலை அந்த இடத்தை விட்டு நகர்வது. கொட்டிய தேனீ ஒரு வாசனையை விட்டுவிட்டுப் போகும். வாழைப்பழ வாசனை மாதிரி இருக்கும், அது மற்ற தேனீக்களுக்கு "இங்கே வா" என்ற அழைப்பு. கையை வீசி அடிக்காதீர்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நேராக வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடிக் கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதிக்க வேண்டாம், தலையை வெளியே எடுக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்து, கொடுக்கு தோலில் நிற்கிறதா என்று பாருங்கள். என் தங்கை மகனுக்குக் கையில் கொட்டியபோது கிட்டப் பார்த்தேன். தேனீ போய்விட்டது, கருப்பாக ஒரு முள், அதன் தலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் பை, அந்தப் பை தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கத் துடிக்க விஷம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் சுரண்டுவதா, ஏடிஎம் கார்டால் வழிப்பதா என்று யோசித்து நேரத்தைக் கடத்தாமல், எப்படியாவது சட்டென்று எடுத்துவிடுங்கள். இதில் வேகம்தான் முக்கியம். குளவியும், கதண்டு என்ற பெரிய குளவியும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஒரே குளவி பல தடவை கொட்டும்.

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன்னாடியே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவுவது நம் பக்கத்துப் பழக்கம். அது விஷத்தை எடுக்காது, தோலைத்தான் பொத்துப்போக வைக்கும்.

இனி ஆஸ்பத்திரி. மூச்சு இழுத்தல், நாக்கு, உதடு, கண் இமை வீங்குதல், கொட்டாத இடத்திலும் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஒரே கொட்டாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்பது இங்கே ஆகாது, சில நிமிஷத்தில் நிலைமை மாறிவிடும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் அப்படியே. பல இடத்தில் கொட்டியிருந்தால், அதுவும் குழந்தைக்கோ வயதானவருக்கோ என்றால் பத்துக் கொட்டுக்கே, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் போய்க் காட்டிவிடுங்கள். கதண்டு விஷம் நிறைய ஏறினால் சிறுநீரகம் பாதிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

## சன்ஷேடுக்குக் கீழே, இலைக்கு அடியில் சாம்பல் நிறக் காகிதக் கூடு

அறைகள் வெளியே தெரியும், மேலே உறை இருக்காது, ஒரு காம்பில் தொங்கும். இது காகிதக் குளவி. மரத்தைச் சுரண்டி எச்சிலோடு மென்று காகிதம் செய்கிறது. நம் ஊரில் வீட்டைச் சுற்றி அதிகம் காண்பது இதுதான்.

கூடு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால்: விட்டுவிடுங்கள், நிஜமாகவே. ஒருநாள் காலை கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு குளவி இலை இலையாக ஏறி இறங்கித் தேடிக்கொண்டே வந்து, ஒரு இலையின் அடியில் இருந்த பச்சைப் புழுவைப் பிடித்தது, அங்கேயே உட்கார்ந்து கடித்துக் கடித்து மடித்து ஒரு பச்சை உருண்டையாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு சன்ஷேடுக்குப் பறந்தது. கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. நான் நின்ற அரை மணி நேரத்தில் குளவிகள் ஆறு தடவை அப்படிப் போய்வந்தன. கூலி இல்லாமல் புழு பொறுக்கும் ஆளை யாராவது அடித்துக் கொல்வார்களா?

வாசல், குழாயடி, துணிக்கொடி, குழந்தை விளையாடும் இடம் என்றால்: கூட்டின் அளவைப் பாருங்கள்.

ஐந்தாறு அறைதான், ஒன்றிரண்டு குளவிதான் என்றால் இப்போதே எடுத்துவிடலாம். குளவி வெளியே போன நேரம் பார்த்து நீளக் கம்பால் கூட்டைத் தட்டிவிட்டு, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். நாலைந்து நாள் தினமும் பாருங்கள், திரும்பக் கட்ட வரும். இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். கொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது, பத்துப் பதினைந்து குளவி உட்கார்ந்திருக்கிறது, இடமும் ஆபத்தான இடம் என்றால் மட்டும் சோப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம், தூரம் பீய்ச்சும் ஸ்பிரேயர், முழுக்கை சட்டை, பேன்ட், ஷூ, தலைக்குத் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. நன்றாக இருட்டிய பிறகு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொண்டு (சிவப்பு வெளிச்சம் அவற்றுக்குச் சரியாகத் தெரியாது) போய், கூடு முழுக்க நனையும்படி விடாமல் அடியுங்கள். சோப்பு உடம்பில் பட்டால் பறக்க முடியாமல் விழுந்துவிடும். மறுநாள் கூட்டைத் தட்டிவிடலாம்.

ஆள் கூப்பிடும் கட்டம்: ஏணி போட்டால்தான் எட்டும் என்றால். ஏணியில் நிற்கும்போது ஒரு கொட்டு விழுந்தால் கொட்டைவிடக் கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து. வீட்டில் யாருக்காவது முன்பு கொட்டி ஒவ்வாமை வந்திருந்தாலும் நீங்களாகத் தொட வேண்டாம்.

## பனையில், தென்னையில், புதரில் பந்து மாதிரி பெரிய கூடு

அறைகள் வெளியே தெரியவில்லை, பழுப்பு நிறத்தில் அலை அலையாகக் கோடு போட்ட உறை, ஒரு ஓரத்தில் ஒரே வாசல், கருப்பு உடம்பு, வயிற்றில் ஆரஞ்சு மஞ்சள் பட்டை. இதுதான் கதண்டு. டெல்டாவில் இதைச் சொல்லத் தேவையில்லை, சின்ன வயதிலேயே பாட்டி சொல்லித்தான் வளர்த்திருப்பார். சில சமயம் மரப்பொந்திலும் மண் பொந்திலும் இருக்கும், அப்போது கூடு கண்ணில் படாது, பெரிய குளவிகள் ஒரே ஓட்டைக்குள் போய்வருவது மட்டும்தான் தெரியும்.

இதில் படிப்படியாகச் செய்து பார்க்க எதுவும் இல்லை. நேராக ஆள்தான்.

செய்யக்கூடாததை மட்டும் சொல்கிறேன். கல் எறியக்கூடாது. அடியில் புல் வெட்டும் மிஷின் ஓட்டக்கூடாது, அந்த அதிர்வே அவற்றைக் கிளப்பிவிடும். மண் பொந்தில் மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது. பந்தம் கட்டிக் கொளுத்தக்கூடாது. என் சித்தப்பா மகன் ஒருமுறை தென்னையில் இருந்த கூட்டுக்குப் பந்தம் நீட்டினான். கூட்டுக்கு முன்னால் பன்னாடைதான் பற்றிக்கொண்டது, அங்கிருந்து காய்ந்த மட்டை, மட்டை விழுந்தது பக்கத்து வைக்கோல் போரில். அவனுக்கு ஏழு கொட்டு. வைக்கோலை அணைக்கத் தெருவே ஓடி வந்தது, வந்தவர்களில் மூன்று பேருக்கும் கொட்டு.

கூடு இருக்கும் இடத்துக்கு யாரும் போகாதபடி தூரத்திலேயே கயிறு கட்டுங்கள். மாட்டை அந்த மரத்தடியில் கட்டாதீர்கள், அதனால் ஓட முடியாது. தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள், நம் மாவட்டங்களில் கதண்டுக் கூட்டை அழிக்க அவர்கள் வருகிறார்கள். உடைபோட்டு, பெரும்பாலும் இருட்டிய பிறகு செய்வார்கள். போன் பண்ணும்போது மரத்தின் உயரம், பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் வரும்போதே அதற்கேற்பத் தயாராக வருவார்கள்.

வயல் நடுவே, யாரும் போகாத ஒற்றைப் பனையில் இருந்தால்? நான் விட்டுவிடுவேன். அதுவும் பூச்சியைத் தின்கிற பூச்சிதான். அந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களிடம் மட்டும் சொல்லிவைத்துவிடுவேன்.

## நேற்று இல்லாத இடத்தில் இன்று ஒரு கொத்துத் தேனீ

பூ நிறைய இருக்கும் மாதங்களில், மாங்கிளையிலோ கேட்டிலோ திடீரென்று பலாப்பிஞ்சு மாதிரி தேனீக் கொத்து தொங்கும். தேனடை இருக்காது, தேனீ மேல் தேனீ மட்டும்தான். இது குடி பிரிந்து போகிற கூட்டம், நடுவில் ராணி இருக்கும். புது வீடு தேடப் போனவை திரும்பி வரும்வரை இங்கே தங்கல். காக்க வீடும் குஞ்சும் இல்லாததால் இந்த நிலையில் அவ்வளவாகக் கொட்டாது.

சில மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டு மூன்று நாளில் கிளம்பிவிடும். அதுவரை நாயையும் குழந்தையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், வேறெதுவும் வேண்டாம். தண்ணீர் அடிப்பது, புகை போடுவது எல்லாம் அமைதியாக இருப்பதைக் கலைத்துவிடும்.

அடுக்குத் தேனீயாக இருந்தால், அதாவது பெட்டியில் வளர்க்கிற நம் நாட்டுத் தேனீயாக இருந்தால், தேனீ வளர்ப்பவர் ஒருவரைக் கூப்பிட்டால் ஆசையாக வந்து பெட்டியில் பிடித்துக்கொண்டு போவார். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் இது பெரிய தொழில். மற்ற மாவட்டங்களிலும் தேடினால் ஆள் கிடைக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி உண்டு. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் படித்துவிட்டு வந்தவர் யாராவது இருப்பார்.

மூன்று நாளுக்கு மேலாகியும் போகவில்லை, வெள்ளையாக மெழுகு தெரிகிறது என்றால் குடியேறிவிட்டது என்று அர்த்தம். அப்போது அடுத்த இரண்டு தலைப்பைப் பாருங்கள்.

## மேல்நிலைத் தொட்டியில், உயரக் கிளையில் ஒற்றைப் பெரிய ராட்டு

அகலமாக, ஒரே அடை, திறந்தவெளியில் தொங்கும். ஆள் கிட்டே வந்தால் ராட்டின் மேல் அலை ஓடுகிற மாதிரி பளபளவென்று நெளியும். இது மலைத்தேனீ. ஒரு ராட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும், கிளம்பினால் நூறு மீட்டருக்கு மேல்கூட விடாமல் துரத்தும்.

எளிய வழி காத்திருப்பது. பூக்காலம் முடிந்தால் தானாகவே இடம் பெயரும் தேனீ இது, காலி அடையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை தொட்டி கழுவுவது, பெயின்ட் அடிப்பது, பக்கத்தில் பட்டாசு, புகை எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். கழுகோ பருந்தோ அடையைக் கொத்தினால் கீழே இருப்பவர்மேல் கோபம் திரும்பும், அதனால் ராட்டுக்கு நேர் கீழே உட்காரும் இடம் வேண்டாம்.

பள்ளி, ஆஸ்பத்திரி, பால்கனி என்று காத்திருக்க முடியாத இடமா? தேன் எடுக்கத் தெரிந்தவர்கள் புகைபோட்டு விரட்டிவிட்டு அடையை எடுப்பார்கள். கொல்லாமல் செய்கிறவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள், கூலி கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுங்கள். இந்தத் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது, எனவே "பிடித்துக்கொண்டு போய் வளர்க்கிறேன்" என்று யாராவது சொன்னால் அவருக்கு இது தெரியவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதே மாதிரி ஒற்றை அடை, ஆனால் உள்ளங்கை அளவுதான், செம்பருத்திச் செடிக்குள் குச்சியைச் சுற்றிக் கட்டியிருக்கிறது, தேனீயும் பொடிசு என்றால் அது கொம்புத் தேனீ. சாதுவானது. செடியை உலுக்காமல் இருந்தால் இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் ஊற்றலாம், நான் ஊற்றுகிறேன்.

## சுவர் விரிசலில், மீட்டர் பெட்டியில் பூச்சி போய்வருகிறது

வாசலைப் பாருங்கள். பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பூச்சி கொசு அளவுக்குக் கருப்பாக இருக்கிறதா? கொசுத்தேனீ. கொட்டவே கொட்டாது, கொடுக்கே கிடையாது. அதிகபட்சம் முடியில் சிக்கிக் கொஞ்சம் தொந்தரவு செய்யும். சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், கொல்லையில் கொத்தமல்லி முதல் எலுமிச்சை வரை இதன் வேலை இருக்கிறது.

குழாய் இல்லை, வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிய கோடுபோட்ட தேனீ வரிசையாகப் போய்வருகிறது என்றால் அடுக்குத் தேனீ உள்ளே பல அடை கட்டியிருக்கிறது. தொந்தரவு இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவருக்கு ஆபத்து என்றால் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டு அடையோடு பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். உள்ளே மருந்தடித்துக் கொன்றால் தேனும் மெழுகும் சுவருக்குள்ளேயே கிடந்து புளித்து, எறும்பு, கரப்பான் என்று வேறு கூட்டம் வரும். மின்பெட்டிக்குள் இருந்தால் மின்வாரிய ஆளும் கூட இருந்து இணைப்பைத் துண்டித்த பிறகுதான் திறக்க வேண்டும்.

## குழாயடியில், ராத்திரி டியூப்லைட்டில் தேனீ மொய்க்கிறது

கூடு இங்கே இல்லை, வேறெங்கோ இருக்கிறது. எனவே கூட்டைத் தேடி அலைய வேண்டாம்.

பகலில் குழாயடி என்றால், வெயில் காலத்தில் கூட்டைக் குளிரவைக்கத் தண்ணீர் எடுக்க வருகின்றன. ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள், ஈரச் சாக்கை எடுத்துவிடுங்கள். கொல்லையின் கோடியில் ஒரு மண்தட்டில் கூழாங்கல் போட்டு, கல் தலை நீட்டும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கல் இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். அவை பழகும்வரை நாலைந்து நாள் ஆகும், தட்டு ஒருநாளும் காயக்கூடாது, காய்ந்தால் திரும்பக் குழாயடிக்கே வந்துவிடும்.

ராத்திரி என்றால் மலைத்தேனீ. நிலா வெளிச்சத்தில் மேயும் தேனீ அது, விளக்கைப் பார்த்து வழி தவறி வந்துவிடும். வெளி விளக்கை அணையுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள், வராந்தாவில் வெள்ளை லைட்டுக்குப் பதில் மஞ்சள் லைட் போடுங்கள். காலையில் தரையில் ஊர்ந்துகொண்டிருப்பதை முறத்தில் அள்ளி வெளியே விடுங்கள். சாகப்போகிற தேனீயும் கொட்டும், அதனால் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

## சுவரில் மண் கூடு, மரத்தில் ஓட்டை, ரோஜா இலையில் அரைவட்ட வெட்டு

மூன்றும் தனியாக வாழும் பூச்சிகள். கூட்டம் கிடையாது, கூட்டைக் காக்கத் துரத்தாது. நம் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

மண் கூடு கட்டுவது வேட்டுவாளி. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி உள்ளே வைத்து முட்டையிட்டு மூடிவிடும். வீட்டில் குளவி மண் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி எங்கள் பெரியம்மா கலைக்கவே விடமாட்டார், அந்த நம்பிக்கையால் எத்தனை வேட்டுவாளி பிழைத்ததோ. பிளக் துளையிலும் மோட்டார் ஸ்விட்சிலும் மண் அடைத்தால் மட்டும் மெயினை அணைத்துவிட்டு எடுத்துவிட்டு, பயன்படுத்தாத துளைக்கு மூடி போடுங்கள்.

கட்டைவிரல் பருமன் கருவண்டு மாதிரி, ரீங்காரத்தோடு மரத்தூணைக் குடைவது தச்சுத் தேனீ. முகத்துக்கு நேராக வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொடுக்கே இல்லை. தூணுக்குப் பெயின்ட் அடியுங்கள், காலி ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடையுங்கள், பதிலுக்கு ஒரு காய்ந்த மூங்கிலை வேலியில் கட்டிவையுங்கள். ஓடு, கூரை தாங்கும் உத்தரத்தில் பல ஓட்டை விழுந்திருந்தால் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ரோஜா இலையில் கத்தரியால் வெட்டியது மாதிரி அரைவட்டம் தெரிந்தால் புழு என்று மருந்தடிக்காதீர்கள். இலைவெட்டித் தேனீ கூட்டுக்கு மெத்தை விரிக்க எடுத்துப்போனது. செடிக்கு ஒன்றும் ஆகாது.

## கூடே இல்லை, ஆனாலும் சுரீரென்கிறது

முருங்கைத் தண்டில் பகலில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருப்பது கம்பளிப்பூச்சி, மழைக்காலத்தில் அதிகம். மயிர் பட்டால் எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் செலோடேப் ஒட்டி உரித்தெடுத்துவிட்டுக் கழுவுங்கள். மரத்தில் இருப்பவற்றின்மேல் சோப்புத் தண்ணீரை நன்றாக அடித்து, கீழே விழுந்ததைக் கூட்டிப் புதைத்துவிடலாம். முருங்கை பூத்திருக்கும்போது மரம் முழுக்க மருந்து வேண்டாம், அந்தப் பூவில் எத்தனை தேனீ வருகிறது என்று ஒருநாள் பாருங்கள்.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு முசுறு. கடிக்கும், கடித்த இடத்தில் அமிலம் பீய்ச்சும், வலி சீக்கிரம் போய்விடும். மாங்காய் பறிக்கும் அன்று மட்டும் அந்தக் கிளையைத் தவிர்த்தால் போதும், பூச்சியிலிருந்து மரத்தைக் காப்பது அதுதான்.

## பூச்சித் தொல்லை போச்சு, ஆனால் காய் பிடிக்கவில்லை

இந்தத் தலைப்புக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். என் பூசணிக்கு நடந்தது இதுதான். காரணத்தை எளியதிலிருந்து பாருங்கள்.

பூ வந்து ஒரு வாரம்தான் ஆகிறதா? பூசணி, சுரை, பீர்க்கில் முதலில் ஆண் பூ மட்டும் வரும். பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால்தான் பெண் பூ. காத்திருங்கள்.

கொடி கரும்பச்சையாகத் தழைத்து, பூ குறைவா? யூரியா, சாணி அதிகம் போட்டிருப்பீர்கள். நிறுத்துங்கள்.

பெண் பூ வருகிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதா? மகரந்தம் சேரவில்லை. காலை ஏழு மணிக்குப் பூசணிப் பூவுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எண்ணுங்கள். நான் உட்கார்ந்த அன்று ஒரு தேனீகூட வரவில்லை, கொல்லை அத்தனை அமைதியாக இருந்தது, அந்த அமைதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தேனீ வராவிட்டால் நாமே செய்ய வேண்டியதுதான். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் தேயுங்கள். பூசணிக்கு விடியற்காலை. பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலரும், புடலை இருட்டிய பிறகு, அவற்றுக்கு அந்திப்பூச்சிதான் முக்கியம், எனவே கையால் செய்வதானால் சாயங்காலம் போக வேண்டும். கத்தரி, தக்காளிப் பூவுக்கு நடுக்கம் வேண்டும். மகரந்தப் பையின் நுனித் துளை வழியாக மகரந்தம் உதிர்வது அதிர்வால்தான். அந்த ரீங்காரத்தைத் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் கொடுக்கின்றன, ராட்டுக் கட்டும் தேனீக்கு அது வராது. காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிட்டால் ஓரளவுக்கு ஈடு ஆகும்.

போன மாதம் மருந்து அடித்தீர்களா? டப்பாவை எடுத்துப் பெயரைப் படியுங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் என்று இருந்தால் அது செடிக்குள் ஏறி மகரந்தத்திலும் தேனிலும் வரும் மருந்து, தேனீ வராத சாயங்காலத்தில் அடித்தாலும் தேனீ தப்பாது. இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்த 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, காரணம் தேனீக்கள். நம் கடைகளில் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் சர்வசாதாரணமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக் கொல்லைக்கு அது தேவையே இல்லை.

வேறு வழியில்லை, ஏதாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்கு ஒரு மில்லி சோப்புத் திரவம். சூரியன் இறங்கிய பிறகு, பூவில் படாமல், பூச்சி இருக்கும் செடிக்கு மட்டும். அந்தியில் மலரும் பீர்க்குக்கும் சுரைக்கும் மட்டும் காலையில், பூ வாடிய பிறகு. அடிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள், பொறிவண்டும் அதன் குஞ்சும் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தால் ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிடுங்கள்.

தேனீ திரும்பி வர எனக்கு ஒரு வருஷம் ஆனது. துளசியைப் பூக்கவிட்டேன், கொத்தமல்லியில் பாதியைப் பறிக்காமல் பூக்கவிட்டேன், வரப்பில் வெட்டுக்காயப் பூண்டைக் களை என்று பிடுங்குவதை நிறுத்தினேன், வேலியோரம் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல் வெறும் மண்ணாகவே விட்டேன், மண்ணில் கூடு வைக்கும் தேனீக்களுக்காக. முதலில் வந்தது கொசுத்தேனீ. அப்புறம் மாசியில் ஒரு காலை, பூசணிப் பூவுக்குள் உடம்பெல்லாம் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு இரண்டு அடுக்குத் தேனீ. அந்தப் பருவத்தில் பதினோரு பூசணி காய்த்தது, நாலு தெருவில் கொடுத்தோம்.

சன்ஷேடில் இந்த வருஷமும் காகிதக் கூடு ஒன்று இருக்கிறது, சமையலறை ஜன்னலுக்கு மேலே. ஒன்பது குளவி. தினமும் எண்ணுகிறேன். பதினைந்தைத் தாண்டினால், ஜன்னலுக்கு இவ்வளவு பக்கத்தில் விட முடியாது, ஒரு ராத்திரி சோப்புத் தண்ணீரோடு போக வேண்டியிருக்கும்.